கோயில் மாட்டுக்கு முதல் ஊசி

ரோசலினை முதலில் அடித்தது நான்தான். ஊரே சேர்ந்து அடித்தது என்று பிற்பாடு எல்லோரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் அடி யாருடையது என்பதில் சந்தேகமே வேண்டாம். பால்வாடியில் மணி அடிக்க வைத்திருந்த முழ நீள இரும்புக் கம்பி என் கையில் இருந்தது. அது அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே எலும்பில் விழுந்தது. இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது பித்தலாட்டம். அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் மணிமேகலை. நத்தம் ரோட்டில் கரும்பாறைப்பட்டி. ஊர்ப் பால்வாடியில் டீச்சர். என் வீட்டுக்காரர் சடையாண்டி, சின்னாளப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்திய கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தினக்கூலிக்கு மாட்டு ஊசி போடுகிறவராக இருந்தார். ரோசலின் அதே இடத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஓட்டினாள். மிஷினை ஓட்டுவது என்றுதான் அங்கே சொல்வார்கள், ஏதோ பஸ் ஓட்டுகிற மாதிரி.

அவள் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல் மேட்டுப்பட்டியில். அப்பா சூசைமாணிக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். குடித்துவிட்டு வந்தால் ஈரத் தோல் வாரால் பெண்டாட்டியை அடிப்பார். வார் பட்ட இடம் அன்றைக்குச் சிவக்கும், மறுநாள் கறுக்கும், மூன்றாம் நாள் உரியும். ரோசலினுக்குப் பதினாலு வயது ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா செபஸ்தியம்மாள் தரையில் சுருண்டு கிடக்க, இவள் தோல் சுரண்டுகிற கத்தியை எடுத்து அப்பாவின் தொடையில் இறக்கிவிட்டாள். பதினோரு தையல். அதற்குப் பிறகு அந்த மனுஷன் கை ஓங்கவில்லை. பயந்து இல்லை, வெட்கப்பட்டுத்தான் நிறுத்தினார் என்று செபஸ்தியம்மாள் ரொம்பப் பிற்பாடு என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. தையல் போட்ட வலி எனக்குத் தெரியும்.

விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு 1994இல் அந்த நிலையத்தில் சேர்ந்தாள். வெளிநாட்டில் யாரோ பயன்படுத்திக் கழித்த மைக்ராஸ்கோப்பை டைரக்டர் கப்பலில் வரவழைத்திருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் இரும்புத் தூண். அதற்கு மூன்று ஏசி, மற்ற எல்லோருக்கும் சேர்த்து நாலு மின்விசிறி. ஆறு மாதம் மெட்ராஸில் பழகிக்கொண்டு வந்து ரோசலின் அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் என்ன பார்த்தாள் என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் வருகிறதே, கழுத்து வீங்கி, மூச்சு முட்டி, ஒன்றரை நாளில் மாடு சாய்ந்துவிடுமே, அதற்குக் காரணமான கிருமி. அந்தக் கிருமிக்கு வெளியே ஒரு மெல்லிய உறை உண்டு. அந்த உறையில் புரதத்தால் ஆன ஓட்டைகள் இருக்கின்றன. கிருமி தனக்கு வேண்டியதை அந்த ஓட்டைகள் வழியாகத்தான் உள்ளே இழுக்கும். உறையை மட்டும் பிரித்து ஊசியாகப் போட்டால் மாட்டின் உடம்பு அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும், நிஜக் கிருமி வரும்போது அடித்து விரட்டும். அதுதான் டைரக்டரின் திட்டம். அதற்கு ஓட்டையின் வடிவம் தெரிய வேண்டும்.

மூக்குத்தி அளவுள்ள செம்பு வலையில் ஒரு சொட்டு விட்டு, சாயம் ஏற்றி, தூணுக்குள் செருகி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இருட்டில் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கண்ணுக்குப் பட்டதைப் படச்சுருளில் பிடித்து இருட்டறையில் கழுவ வேண்டும். ஒரு தடவை கழுவும்போது ஒருவன் கதவைத் திறந்துவிட்டான். ஒரு வாரத்துப் படம் வெளுத்துப் போயிற்று. ரோசலின் வெளியே வந்து அவன் கன்னத்தில் விட்ட அறையில் அவனுக்குப் பல் ஆடியது. டைரக்டர் விசாரணை வைத்தார். "கதவுல சிவப்பு பல்பு எரிஞ்சுச்சு. கண்ணு தெரியாதவனுக்குப் பல்லு எதுக்கு சார்?" என்றாளாம்.

நாலு வருஷம் கழித்து, 1998இல், அவளுக்குப் படம் கிடைத்தது. மூன்று ஓட்டை ஒன்றாகச் சேர்ந்து, பக்கத்தில் இன்னொரு மூன்று, அதன் பக்கத்தில் இன்னொரு மூன்று. டைரக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் அவள் அதைச் சடையாண்டியிடம் காட்டினாள். அவர் வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் பேசினார்.

"அடுப்புக்கு மூணு கல்லு வச்சிருப்போம்ல, அதே மாதிரி வரிசை வரிசையாக் கெடக்கு மணி. ஒரு கிருமிக்குள்ள எம்புட்டு அடுப்புங்கிற!"

"அந்த அடுப்புலயே போயி வெஞ்சனம் பண்ணித் தின்னுங்க" என்று நான் தட்டை நகர்த்தினேன். பொறாமைதான். ஒத்துக்கொள்கிறேன்.

2001 ஜூன் மாதம் எங்கள் ஊரில் ஊசி போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. எந்த அனுமதியும் வாங்கவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் எதுவானாலும் முதலில் கருப்பசாமி கோயில் மாட்டுக்கு. முதல் தீவனம், முதல் மாலை, வாடிவாசலில் முதலில் வெளியே வருவது, எல்லாம் அதற்குத்தான். கோயில் மாட்டுக்குப் போட்டால் மற்றவர்கள் தம் மாட்டைக் கொண்டுவருவார்கள், இல்லையென்றால் ஒருத்தரும் வர மாட்டார்கள். வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு ராகுகாலம். அதற்குள் கோயில் மாட்டுக்கு ஊசி விழுந்தாக வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது.

மருந்து இரண்டு பாட்டில். ஒன்றை ரோசலின் புதன்கிழமையே முடித்துவிட்டாள். இன்னொன்று வியாழன் காலையில் முடிக்க வேண்டியிருந்தது. கிருமி வளர்ந்த குழம்பைச் சுழற்றும் மிஷினில் இருபது நிமிஷம் சுற்றினால் கிருமியெல்லாம் அடியில் படியும். அது உதிர்த்துவிட்ட உறைத் துணுக்குகள் மட்டும் மேலே தெளிவில் நிற்கும். அந்தத் தெளிவுதான் மருந்து. பார்மலின் விட்டால் தப்பித் தவறி மிஞ்சிய கிருமியும் செத்துப்போகும். விடக் கூடாது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். பார்மலின் பட்டால் புரதத்தின் வடிவம் கெட்டுவிடுமாம். வடிவம்தான் அவருக்குச் சாமி.

அன்றைக்கு ராகுகாலத்துக்கு முன்னால் கோயில் மாட்டுக்கும் அதன் பின்னால் நின்ற எட்டு மாடுகளுக்கும் வியாழக்கிழமைப் பாட்டிலில் இருந்து ஊசி போட்டார் என் வீட்டுக்காரர். புதிதாகச் செய்தது கோயில் மாட்டுக்குத்தானே போக வேண்டும்! மிச்சம் அறுபது சொச்சம் மாடுகளுக்குப் புதன்கிழமைப் பாட்டில்.

வெள்ளிக்கிழமை இரவு கோயில் மாட்டின் கழுத்து பானை மாதிரி வீங்கியது. சனிக்கிழமை விடியும்போது செத்துக் கிடந்தது. மத்தியானத்துக்குள் ஊர்க்காரன் அய்யனாரின் உழவு ஜோடி, அப்புறம் மற்ற ஆறு. ஒன்பதும் போயிற்று. அறுபது மாடும் சும்மா அசைபோட்டுக்கொண்டு நின்றன.

அதுதான் வினையாகிவிட்டது. எல்லா மாடும் செத்திருந்தால் மருந்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஒன்பது மட்டும் செத்தால் ஆளைத்தானே சந்தேகப்படுவார்கள்! தைப்பொங்கல் மஞ்சுவிரட்டில் அய்யனாருக்கும் என் வீட்டுக்காரருக்கும் கைகலப்பு நடந்திருந்தது. பக்கத்து ஊர்க்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு கோயில் மாட்டுக்கு விஷம் குத்தினான் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவரை வீட்டிலிருந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். கோயில் முன்னால் அம்மிக்கல்லைப் போட்டு, ஊசி பிடித்த வலது கையை அதில் விரித்து வைத்து, அய்யனார் உலக்கையால் இடித்தான். நாலு இடி. முதல் இடியில் அவர் கத்தினார், இரண்டாவதில் மல மூத்திரம் போயிற்று, மூன்றாவதில் மயங்கிவிட்டார். நாலாவது இடி யாருக்காக என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் காலில் விழுந்தேன். மிதித்துத் தள்ளினார்கள். ஸ்டேஷனுக்கு ஓடினேன். "கோயில் மாட்டு வெவகாரம், ஊர்ல பேசி முடிச்சுக்கங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள். பத்து வருஷமாக என்னிடம் பிள்ளையை விட்டுப் போகிறவர்கள். ஒருத்திகூடத் தண்ணீர் கொண்டுவரவில்லை.

"திங்கக்கெழம மாட்டுக்குப் பால் ஊத்தணும். ஊத்தி முடிச்சதும் எவன் காசு குடுத்தான்னு சொல்லணும்" என்றான் அய்யனார். "சொல்லலேன்னா இன்னொரு கை இருக்குல்ல."

அவரைக் கோயில் கல்தூணில் கட்டிவைத்தார்கள். இல்லாத ஒருத்தன் பெயரை அவர் எங்கே போய்ச் சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி சின்னாளப்பட்டிக்குப் போய்விட்டது. ரோசலின் பூசைக்குப் போகாமல் நிலையத்துக்குப் போனாள். வியாழக்கிழமைப் பாட்டிலின் அடியில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து வலையில் விட்டு மிஷினில் செருகினாள். பச்சைத் திரையில் உறைத் துணுக்குகள் தெரிந்தன. அதற்கு நடுவே முழுக் கிருமிகள். தள்ளித் தள்ளிப் பார்த்தாள், எங்கே பார்த்தாலும் முழுக் கிருமிகள். படம் பிடித்துக் கழுவித் தொங்கவிட்டாள். புதன்கிழமைப் பாட்டிலையும் அப்படியே பார்த்துப் படம் எடுத்தாள்.

டைரக்டருக்குப் போன் போட்டாள். அவர் வரவில்லை. அவருடைய மச்சினன், ஸ்டோர் பார்க்கிற உடையப்பன் வந்தான். படத்தையும் பாட்டிலையும் எரித்துவிடச் சொன்னார் என்றான். இவள் மாட்டேன் என்றாள். அவன் கையை முறுக்கி நெற்றியை மேஜை விளிம்பில் இரண்டு தடவை மோதினான். ரத்தம் கண்ணில் வழிந்தது. மைக்ராஸ்கோப்பைக் குளிரவைக்க ஊற்றும் திரவ நைட்ரஜன் பக்கத்தில் ஒரு குடுவையில் இருந்தது. புகைந்துகொண்டிருந்த அந்தக் குளிரை அப்படியே அவன் காலில் கவிழ்த்தாள். செருப்புப் போட்ட கால். அவன் அலறியது கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தபோது இவள் ஈரப் படத்தோடு வெளியே போய்விட்டாள். உடையப்பனுக்குக் காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். எனக்கு அதில் இம்மியும் வருத்தமில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். நெற்றியில் பிளாஸ்திரி. கையில் பழைய நோட்டுக்குள் வைத்த இரண்டு படம். மாட்டைப் புதைத்த மேட்டில் பால் ஊற்றி முடித்திருந்தார்கள். அம்மிக்கல் அங்கேயேதான் கிடந்தது. என் வீட்டுக்காரரின் இடது கையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை கெஞ்சலாம் என்று, பிள்ளைகள் வந்து நின்றதால் திறந்த பால்வாடியைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு நான் ஓடி வந்திருந்தேன். மணிக் கம்பி என் கையோடு வந்துவிட்டது.

"அவர விடுங்க. மருந்து நான் செஞ்சது. கெடுத்ததும் நான்தான்" என்றாள் ரோசலின்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "நீ யாரு தாயி?" என்றது ஒரு குரல்.

"மருந்து செய்யுற எடத்துல மிஷின் ஓட்டுறவ." நோட்டைத் திறந்து படத்தை நீட்டினாள். யாருக்கும் தலைகால் புரியவில்லை. "டீச்சர்ட்ட குடு, அவ படிச்சவ" என்றார்கள். படம் என் கைக்கு வந்தது.

"அக்கா, மொறத்துல புடைச்சா பதரு தனியா ஒதுங்கும், நெல்லு தனியாத் தங்கும்ல?" என்று அவள் என்னிடம் சொன்னாள், ஊருக்கும் கேட்கிற மாதிரி. "எங்களுக்கு வேண்டியது பதருதான். கிருமியோட மேல்தோலு. அது ஒண்ணும் பண்ணாது. நெல்லுதான் உசுரோட இருக்குற கிருமி. இந்தப் படத்தப் பாருங்க, அறுபது மாட்டுக்குப் போட்டது. வெறும் பதரு. இந்தா இது, ஒம்போது மாட்டுக்குப் போட்டது."

பார்த்தேன். நெல் சிந்திக் கிடந்தது. படிக்காதவன்கூடச் சொல்லிவிடுவான். படம் கை மாறியது. நெல் நெல் என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள்.

"எப்பிடித்தா நெல்லு வந்துச்சு?" என்றான் அய்யனார்.

"இருவது நிமிசம் சுத்தணும். ஆறாவது நிமிசம் கரண்டு போயிருச்சு. ராகுகாலத்துக்கு முந்தி ஊசி போடணும்னு ஜீப்பு வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிது. கரண்டு வந்ததும் திரும்பவும் முதல்ல இருந்து சுத்தியிருக்கணும். நான் சுத்தல. மேல தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஊத்திக் குடுத்துட்டேன்."

"அப்ப உசுரோட கிருமியவா எங்க சாமி மாட்டுக்குக் குத்துனீக?"

"ஆமா."

இழுக்கவில்லை, அழவில்லை, டைரக்டர் மேல் பழி போடவில்லை. ஆமா என்றாள். தெளிஞ்ச மாதிரி இருந்துச்சாம்! அந்த ஒரு வார்த்தைக்கு என் புருஷனின் கை கூழாகிக் கிடக்கிறது. மூன்று நாளாக ஊர்க்காரன் ஒவ்வொருத்தன் காலிலும் விழுந்த ஆத்திரம், அய்யனார் மேல் காட்ட முடியாத ஆத்திரம், எல்லாம் என் தோளுக்கு வந்தது. கம்பியை வீசினேன்.

அவள் ஒரு முழங்காலில் விழுந்தாள். விழுந்தவள் எழுவதற்குள் கூட்டம் மேலே பாய்ந்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. அய்யனாரின் முன்கையைக் கவ்விப் பிடித்துச் சதையைக் கடித்து எடுத்தாள். அந்தப் பள்ளம் அவன் கையில் இன்றைக்கும் இருக்கிறது. காதுத் தோட்டைப் பிய்த்தார்கள். விலாவில் மிதித்தார்கள். படம் காலடியில் கிழிந்தது. யாரும் தடுக்கவில்லை. அரைகுறையாகக் கட்டு அவிழ்ந்த என் வீட்டுக்காரர்தான் ஒற்றைக் கையை ஊன்றித் தவழ்ந்து வந்து அவள்மேல் குப்புற விழுந்தார்.

"அவ வராம இருந்திருக்கலாம்லடா, வராம இருந்திருக்கலாம்ல" என்று சொல்லிக்கொண்டே கிடந்தார். என்னைப் பார்க்கவில்லை.

கூட்டம் மூச்சு வாங்கியதும் நின்றது. நல்ல புத்தி வந்து நின்றதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பால் வேனில் இரண்டு பேரையும் ஏற்றித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவருக்கு இடது கை மிச்சமாயிற்று. வலது கை விரல்கள் மடங்காது. ரோசலினுக்கு இடது கண் போய்விட்டது. யார் அடித்தது என்று போலீஸ் கேட்டபோது, பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். டிரஸ்ட் மூன்றே மாதத்தில் கதவைச் சாத்தியது. மைக்ராஸ்கோப் இரும்பு விலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். மூன்று அடுப்புக்கல் படம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

ஏழு வருஷம் நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கப் போகவில்லை என்று சொல்வதுதான் சரி.

2008இல் என் மகள் பூங்கொடிக்கு எட்டு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. திண்டுக்கல் டாக்டர் ரத்தம் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன ரத்தப் பரிசோதனைக் கடை. உள்ளே ரோசலின். இடது கண்ணில் பால் மாதிரி வெள்ளை. மேஜையில் ஒற்றைக் குழாய் மைக்ராஸ்கோப்.

என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "ஒத்தக் கண்ணுக்கு ஒத்தக் குழாயி. பொருத்தமா அமைஞ்சிருச்சு" என்றாள். அப்புறம், "அண்ணன் கை எப்பிடி இருக்கு?"

"மடங்காது. இடது கையாலதான் சாப்புடுறாரு." சீட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு ஏன் போலீஸ்ல எம்பேரச் சொல்லல?"

"சொல்லியிருந்தா போலீஸ்காரன் அடிச்சிருப்பான். நான் அடிக்கணும்னு வச்சிருந்தேன்."

சொன்னவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். முழுக்கையையும் வீசி அறைந்தாள். சுவரில் மோதி உட்கார்ந்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பூங்கொடி அலறினாள். எனக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போயிற்று.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"சரி. புள்ள கையப் பிடிங்க. ஆடாமப் பிடிக்கணும்."

கம்பி பிடித்த அதே கையால் மகளின் முழங்கையைப் பிடித்தேன். ரோசலின் விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடித்து ஒரே குத்தில் ரத்தம் எடுத்தாள். குழாயைச் சுழற்றும் மிஷினில் வைத்துப் பத்து நிமிஷத்துக்குத் திருகினாள். பாதியில் கரண்ட் போனது. மிஷின் முனகி நின்றது. அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாது.

முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்தபோது எங்கள் ஊர் ஆறு மணி பஸ்ஸுக்கு ஏழு நிமிஷம் இருந்தது. மடியில் பிள்ளை அனலாகக் கொதித்தாள். நான் குழாயை எட்டிப் பார்த்தேன். மேலே மஞ்சளாகத் தெளிவு தெரிந்தது.

"தெளிஞ்ச மாதிரிதான இருக்கு ரோசலின்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

அவள் அந்த ஒற்றைக் கண்ணால் என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபமில்லை. மிஷினின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், மறுபடியும் பத்தில் வைத்தாள்.

"உக்காருக்கா. முழுசாச் சுத்தட்டும்."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு மணி பஸ் போய்விட்டது.